ஓசைக்கு ஒரு விலை, பேருக்கு ஒரு விலை

எண்பதுகளின் மதராஸில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க நினைத்தவர்கள் கடையைத் தேடிப் போகவில்லை, ஆளைத் தேடிப் போனார்கள். மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிக்கல் இருந்தது. 1842-ல் மிஸ்கித் தொடங்கி வைத்த பழைய கடை. பியானோ பார்க்கவும், டிரினிட்டி தேர்வுக்குப் புத்தகம் வாங்கவும் அங்கே போவோம். கல்கத்தாவில் செய்த கிவ்சன், ஹோப்னர் கிட்டார்கள் நகரத்தில் கிடைத்தன. ஃபெண்டர், கிப்சன் என்ற பெயர்களை மட்டும் கேசட் உறையிலும் பத்திரிகைப் படத்திலும்தான் பார்த்திருந்தோம். வெளிநாட்டுப் பொருளை வரவழைக்க உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்தாலும் பல பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை அதன் விலையையே தாண்டும். அந்த நிலைமை தளரத் தொடங்கியது 1991-க்குப் பிறகுதான்.

நான் அப்போது வடசென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சி மாநாட்டுக்கு முந்தைய இரவு என்று ஊர் ஊராகப் போவோம். மேடையில் அகுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கும். பாடுகிறவரின் மைக், தபேலாவின் மைக், என் கிட்டார் எல்லாம் அதற்குள்தான் போகும். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. இளையராஜா இசையில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்ட பிறகு, கச்சேரிக்கு வருகிறவர்கள் மேடையில் கிட்டார்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நல்ல கருவி வேண்டும் என்ற ஏக்கம் எங்கள் எல்லோருக்கும் வந்தது.

வழிகள் மூன்று இருந்தன. முதல் வழி கப்பல்காரர்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஏதாவது ஒரு வீட்டில் கப்பலில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் இருப்பார். கோபேயிலோ ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ கரையிறங்கும்போது நாங்கள் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். ஒரு செட் கம்பி, ஓசையை மாற்றும் ஒரு பெடல், அதற்கு மேல் கேட்க எங்களுக்கு மனசு வராது. இரண்டாவது வழி பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் உருவான கடை வரிசை அது. டேப் ரெக்கார்டர்களுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவே எப்போதாவது ஒரு ஜப்பான் பெடல் எட்டிப் பார்க்கும். கிட்டார் கம்பி அங்கே கிடைத்தால் அன்றைக்குத் திருநாள். பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டு அழுக்கை நீக்கி மறுபடி மாட்டி வாசித்த காலம் அது. சுற்றுக் கம்பியின் இடுக்கில் சேர்ந்த வியர்வையும் தூசும் போனால், சில நாளுக்காவது ஓசையில் பழைய பளபளப்பு திரும்பும்.

மூன்றாவது வழிதான் எனக்கு வாழ்க்கையில் பெரிய பாடம் சொல்லிக்கொடுத்தது. பெரம்பூர், அயனாவரம், பரங்கிமலைப் பக்கங்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்தன. ரயில்வே வேலை, ஞாயிறு காலை தேவாலயம், சனிக்கிழமை இரவு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம். அந்த நடனத்துக்கு வாசிக்கிற பேண்டுகள் அறுபதுகளிலேயே எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்தவை. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. போகிறவர்களால் கட்டிலையும் பியானோவையும் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆம்ப்ளிஃபயரையும் முடியாது.

அப்படி ஒரு வீட்டில்தான் ஜெர்மனியின் ஹாஃப்னர் செமி-அகூஸ்டிக் கிட்டாரையும், இங்கிலாந்தின் வாட்கின்ஸ் டாமினேட்டர் ஆம்ப்பையும் பார்த்தேன். முன்பக்கம் நடுவில் முனை வைத்து, இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு திசை பார்த்துச் சாய்ந்திருக்கும் ஆம்ப் அது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ரயில்வே டிரைவர். விலை சொல்லும் முன் சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, "வாசிச்சுக் காட்டு மேன்" என்றார்.

வாசித்தேன். அவருடைய மனைவி சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"எவ்வளவு கொண்டு வந்திருக்க, சன்?"

கையிலிருந்ததைச் சொன்னேன். அது அவர் மனதில் வைத்திருந்த விலைக்குக் குறைவு என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"குடுத்துட்டு எடுத்துக்கோ. ஆனா இதை விக்கறப்ப நீயும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு விக்கணும். பெட்டியில வைக்கறவனுக்குக் குடுக்காத."

அந்த ஆம்ப் எனக்குச் சல்லிசாகக் கிடைத்ததற்கு அதில் ஏதும் குறை இருந்தது காரணமில்லை. அதை வாங்க வேறு ஆள் இல்லை என்பதும், கொடுத்தவருக்கு அது எங்கே போகிறது என்பதில் அக்கறை இருந்ததும்தான் காரணம். வால்வ் ஆம்ப்பைத் தூக்கிச் சுமக்க அந்நாளில் யாரும் விரும்பவில்லை. டிரான்சிஸ்டர்தான் நாகரிகம் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

*

அந்த டாமினேட்டருக்குள் இஎல்84 வால்வ் இரண்டு இருந்தன. ஒன்று தேய்ந்து ஓசை கம்மியபோது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் அந்தச் சின்னத் தெருவில் கடை வைத்திருந்த பாய் ஒருவர், ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். வீடுகளில் கழித்துக்கட்டிய வால்வ் ரேடியோக்களிலிருந்து பிடுங்கிய வால்வுகள். பிலிப்ஸ், மல்லார்ட், அவற்றோடு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த 'பெல்' வால்வுகள்.

"கிட்டாருக்கா தம்பி? இதையெல்லாம் இப்ப யாரு கேக்கறா. நாலு எடுத்துக்கோ."

இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் இருக்கும் அதே இஎல்84. ஏசி30-ல் நான்கு, அதற்குத் தம்பியான ஏசி15-ல் இரண்டு. பீட்டில்ஸ் மேடையில் முழங்கிய வால்வ் வகை, மதராஸில் பழைய ரேடியோவின் மிச்சமாக எடைக்குப் போடும் பொருளாகக் கிடந்தது. மூர் மார்க்கெட்டிலும் அப்படித்தான். 1985 மே மாதம் அந்தக் கட்டடம் எரியும் வரை, அங்கே ஞாயிறு மதியத்தில் போனால் உடைந்த ரேடியோ ஒன்றுக்குப் பேரம் பேசாமல் வர மனசிருக்காது.

பெடல் வாங்கக் காசில்லாத நாங்கள் அதைச் செய்துகொண்டோம். 1966-ல் லண்டனில் அர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டு, ரெசிஸ்டர் நான்கு, கெப்பாசிட்டர் மூன்று, திருகும் குமிழ் இரண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ஓசைக்கு அடியில் இருந்தது இவ்வளவுதான், மீதி அவர் விரல். அதில் போடத்தக்க ஏசி128 டிரான்சிஸ்டரைப் 'பெல்' நிறுவனமே செய்துகொண்டிருந்தது. பாக்கெட் ரேடியோவுக்கான பொருள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசு. எங்கள் குழுவின் கீபோர்டுகாரர் பாலிடெக்னிக் படித்தவர். அலுமினிய டிபன் பாக்ஸுக்குள் அவர் எனக்கு ஒரு ஃபஸ் செய்து கொடுத்தார். உலோகப் பெட்டி இருந்தால்தான் குழல்விளக்கின் இரைச்சல் உள்ளே புகாது என்று அவர் சொன்னது எனக்கு முதல் மின்னணுப் பாடம்.

இரண்டாவது பாடம் அக்னி நட்சத்திரத்தில் வந்தது. ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. அதற்குள் கசியும் மின்னோட்டம், ஒவ்வொரு பத்து டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மார்கழி இரவில் வெண்ணெயாக ஒலித்த பெட்டி, மே மாதத் திறந்தவெளி மேடையில் தொண்டை அடைத்துத் திக்கித் திக்கிப் பேசும். கீபோர்டுகாரர் இரண்டாவது டிரான்சிஸ்டருக்கு ஒரு சின்னத் திருகி வைத்தார். கச்சேரிக்கு முன் மீட்டரை வைத்து அதன் கலெக்டரில் நாலரை வோல்ட் வருகிற வரை திருகிக்கொண்டால் ஓசை சரியாகும். இப்போது வெளிநாட்டுப் பெடல்களில் 'பயஸ்' என்று பெயர் எழுதி வெளியிலேயே ஒரு குமிழ் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

*

இன்று நிலைமை தலைகீழ். அன்றைக்குப் பொருளும் இல்லை, தகவலும் இல்லை. இன்றைக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டே எந்த ஊர்க் கிட்டாரையும் பார்க்கலாம், விலை விசாரிக்கலாம், வீட்டு வாசலுக்கு வரவழைக்கலாம். எங்கள் தலைமுறைக்கு இது கனவு. இதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம் உண்டு. திருவொற்றியூரில் ஒரு பையன் தன் முதல் சம்பளத்தில் ஃபெண்டரின் மலிவு ரகமான ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்குகிறான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அன்று குப்பையாகக் கிடந்தவை இன்று பொக்கிஷம் ஆகியிருக்கின்றன. பழைய ரேடியோவைப் பிரித்தவர்கள் கழித்துப்போட்ட அதே மல்லார்ட் வால்வை இன்று அட்டைப்பெட்டியோடு தேடுகிறார்கள். ஏசி128-ஐ ஒவ்வொன்றாகக் கசிவு அளந்து, தேறியதைத் தனி விலைக்கு விற்கிறார்கள். ஓசை அன்றும் இதுவேதான். மாறியது தேடுகிறவர்களின் எண்ணிக்கை.

இந்தத் தொழிலின் வரலாறு முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது. கிப்சன் கம்பெனி 1958-லிருந்து 1960 வரை லெஸ் பால் கிட்டாரைச் செர்ரிச் சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் செய்தது. விற்பனை மந்தம். மாடலையே நிறுத்திவிட்டு 1961-ல் வேறு வடிவத்துக்குப் போனார்கள். 1966-ல் ஜான் மயால் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் பழைய லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்பில் செருகி வாசித்தார். அமெரிக்காவில் மைக் புளூம்ஃபீல்டும் ஒன்றைக் கையில் எடுத்தார். எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். 1968-ல் கிப்சன் மறுபடி லெஸ் பால் செய்ய வேண்டி வந்தது. கடையில் தூங்கிய அந்தச் செர்ரி நிறக் கிட்டார்களின் விலை இன்று லட்சக்கணக்கான டாலரைத் தொடுகிறது.

ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் இன்னொரு கதை. 1958-ல் வந்தபோது அதுதான் ஃபெண்டரின் உயர்ந்த மாடல். ஜாஸ் வாசிக்கிறவர்கள் அதைத் தொடவில்லை. எழுபதுகளின் கடைசியில் அமெரிக்க அடகுக் கடைகளில் அது மலிவாகத் தொங்கியது, 1980-வாக்கில் உற்பத்தியும் நின்றது. கையில் காசில்லாத தர்ஸ்டன் மூர், ஜே மாஸ்கிஸ் போன்ற இளைஞர்கள், கட்டுப்படியான விலைக்குக் கிடைத்தது அதுதான் என்பதால் அதை வாங்கினார்கள். அவர்கள் வாசித்த ஓசை ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது. அடகுக் கடையின் மலிவு, அவர்கள் புகழால் ஏறிப்போனது. அடுத்த காசில்லாத பையனுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

பெடலில் டியூப் ஸ்க்ரீமர் சரியான உதாரணம். ஜப்பானின் மேக்சன் தொழிற்சாலைக்காக சுசுமு டமுரா வடிவமைத்து, ஐபனெஸ் பெயரில் எழுபதுகளின் கடைசியில் டிஎஸ்808 வந்தது, 1982-ல் டிஎஸ்9. ஸ்டீவி ரே வான் காலடியில் அது இருந்ததைப் பார்த்து உலகம் தேடியது. முதல் காலப் பச்சைப் பெட்டிக்கு இன்று கொள்ளை விலை. அதன் உள்ளே இருக்கும் ஜேஆர்சி4558 சிப்புக்காகவே ஆட்கள் அலைகிறார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள். பாஸ்-ட்ரெபிள் போர்டில் காலம் காலமாக உட்கார்ந்திருப்பது 4558 வகைச் சிப்தான். விலை சில ரூபாய். மீதிப் பாகங்களும் சாதாரண டயோடும் கெப்பாசிட்டரும்தான்.

இன்னும் ஒன்று, க்ளான் சென்டார். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் பில் ஃபின்னகன் 1994-லிருந்து கையால் செய்து விற்ற பெடல். யாரும் நகலெடுக்கக்கூடாது என்று போர்டின் மேல் கெட்டியான பிசினை ஊற்றிவிடுவார். மொத்தம் சுமார் 8,000 செய்தார். அன்றைக்குச் சில நூறு டாலருக்குக் கிடைத்தது இன்று பல ஆயிரம் டாலர். பிசினைச் சுரண்டி உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே சுற்றமைப்பில் செய்த பெடல்கள் இன்று சாதாரண விலைக்குக் கிடைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் சொல்வது மிகக் கடினம். எனவே நான் இளைஞர்களிடம் அழுத்திச் சொல்வது ஒன்றே. விலை உங்கள் காதைக் கேட்டு வருவதில்லை, எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டு வருகிறது. ஊர் ஆசைப்படாத இடத்தில் நல்ல ஓசை எப்போதும் காத்திருக்கிறது.

*

மரத்தின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மலையிலிருந்து தொடங்குகிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விரல்பலகை 1959-லிருந்து ரோஸ்வுட். முதலில் பிரேசில் மரம், அறுபதுகளின் நடுவிலிருந்து இந்திய மரம். அந்த இந்திய ரோஸ்வுட் நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்கிற மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அதைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம் மலையில் வளர்ந்த மரம் கலிஃபோர்னியாவிலும் ஜப்பானிலும் கிட்டாரின் கழுத்தில் ஏறி, சுங்கம் கட்டி நம்மிடமே திரும்பி வந்தது.

2017 ஜனவரியில் உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின்கீழ் ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் சான்றிதழ் வேண்டும் என்றானது. வெளிநாட்டில் பழைய கிட்டார் விற்கிறவர்கள் அனுப்பவே பயந்தார்கள். ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களில் பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. "ரோஸ்வுட் இல்லையா, வேண்டாம்" என்று வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்ததும் பதற்றம் தணிந்தது. அந்தப் பாவ் ஃபெரோ கிட்டார்கள் நன்றாகச் செய்தவை, நன்றாக ஒலிப்பவை. மர ஆசைக்கு வெளியே அவை நிற்பதால் செகண்ட் ஹேண்டில் நிதானமான விலைக்குக் கிடைக்கின்றன. காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பழைய கிட்டார் ஒன்றை வாங்கினால் புதிதாக ஒரு மரம் விழ வேண்டியதில்லை என்பது எனக்குத் தனி நிறைவு.

*

போன வருஷம் என் தம்பி மகளோடு பெருங்குடியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். ஊரடங்கில் வாங்கி, ஆர்வம் தணிந்து, அலமாரி மேலே போன கிட்டார். அந்த ஊரடங்குக் காலத்தில் உலகம் முழுக்கக் கிட்டார் விற்பனை எகிறியது. 2020-ல் ஃபெண்டர் அதுவரை காணாத விற்பனையைக் கண்டது. அப்போது வாங்கியவற்றில் பல இன்று நகரமெங்கும் உறைக்குள் தூங்குகின்றன. நல்ல விலைக்குத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

"ஸ்குவையர் சார். இந்தோனேசியா மேக். ரெண்டு மாசம்தான் வாசிச்சேன்" என்றார் அந்த இளைஞர்.

அவளையே பார்க்கச் சொன்னேன். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து உடலின் பக்கமிருந்து கழுத்து நெடுகக் கண்ணை ஓட்டினாள். லேசான ஒரே வளைவு இருந்தால் உள்ளிருக்கும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டி, எங்காவது ஓசை செத்துப்போகிறதா என்று கேட்டாள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும், அதே இடத்தில் கம்பியைத் தொட்டு எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். குமிழ்களைத் திருகியபோது கரகரத்தது. கடற்காற்று ஊரில் அது சகஜம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் தீரும். ஜாக்கின் நட்டு தளர்ந்திருந்தது. டிரெமோலோ ஸ்பிரிங்கில் துரு பூத்திருந்தது. கம்பிகள் கறுத்துவிட்டன.

"விலையக் கொறச்சுக் கேக்கலாமா பெரியப்பா?"

"கேக்கலாம்மா. ஆனா எதுக்குக் கொறைக்கச் சொல்றோம்னு சொல்லிக் கேக்கணும். கம்பிக்கு இவ்வளவு, செட்டப்புக்கு இவ்வளவு, ஜாக்குக்கு இவ்வளவு. அதுக்கு மேல ஒரு ரூபா கேக்காத."

அவள் அப்படியே கணக்குச் சொன்னாள். அவர் ஒத்துக்கொண்டார், உறையையும் கேபிளையும் சேர்த்துக் கொடுத்தார். இருவரும் நிம்மதியாகக் கை குலுக்கினார்கள். பேரம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். விற்கிறவருக்குத் தெரியாத ஒன்றை மறைத்து வாங்குவது லாபமாக இருக்கலாம், நல்ல பேரம் ஆகாது.

வீடு திரும்பும் வழியில் அவளுக்கு மற்றவற்றையும் சொன்னேன். புகழ்பெற்ற பெயர் மலிவாகத் தெரிந்தால் தலையைப் பார்க்க வேண்டும். கிப்சனில் ட்ரஸ் ராட் மூடியை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும், போலிகள் பலவற்றில் மூன்று. அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் சும்மா தருகிறேன் என்று ஆம்ப் கொண்டுவந்தால் பின்பக்கத்தைப் பார்க்காமல் பிளக்கைச் செருகக்கூடாது. அது 120 வோல்ட், ஜப்பானுடையது 100 வோல்ட், நம் சுவரில் 230. ஆம்ப்பின் தேவைக்கு மேல் திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடு முனை நெகடிவ். பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் சிலவற்றில் இது தலைகீழ். தவறான அடாப்டரை மாட்டினால் மலிவாக வாங்கியது செலவில் முடியும்.

ஆம்ப்பில் இன்று ஊர் ஆசைப்படாதது டிரான்சிஸ்டர் ஆம்ப். நாங்கள் வால்வைக் கழித்துக்கட்டியது போல இன்றைய பிள்ளைகள் டிரான்சிஸ்டரை ஒதுக்குகிறார்கள். ரோலண்டின் ஜாஸ் கோரஸ் 1975-லிருந்து உலக மேடைகளில் நிற்கிற ஆம்ப், அதுவும் டிரான்சிஸ்டர்தான். பீவி பேண்டிட் போன்ற உழைப்பாளி ஆம்ப்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தால் தயங்காமல் வாங்கலாம். வால்வ் மாற்றும் செலவு இல்லை, மழைக்காலத்தில் மாடிப்படி ஏற்றினாலும் கவலை இல்லை. அதுவும் முடியாதவர்களுக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இருக்கிறது. பெரிய வால்வ் ஆம்ப்களின் குணத்தைக் கற்றுக்கொண்டு அப்படியே ஒலிக்கும், காசு எதுவும் கேட்பதில்லை. தங்கள் ஆம்ப்பைப் பதிவு செய்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தவர்களை நான் அந்த டாமினேட்டரைத் தந்த ரயில்வே அங்கிளின் உறவினராகவே நினைக்கிறேன்.

புதிய கிட்டாரே வாங்க வேண்டும் என்றாலும் இது நல்ல காலம். கணினி வழி வெட்டும் எந்திரங்கள் வந்த பிறகு, மலிவுக் கிட்டாரின் கழுத்தும் ஃப்ரெட்டும் நாங்கள் அன்று விலையுயர்ந்த கருவியில் கண்டதைவிட ஒழுங்காக அமைகின்றன. இந்தோனேசியாவின் சுரபாயாவில் கார்ட் கம்பெனி தன் பெயரிலும் பிற பெரிய கம்பெனிகளின் பெயரிலும் கிட்டார் செய்கிறது. சென்னைக்கு அருகிலேயே யமஹா 2019-ல் தொழிற்சாலை திறந்து அகூஸ்டிக் கிட்டார்களும் கீபோர்டுகளும் செய்கிறது. இறக்குமதிக்கு ஏங்கிய ஊர் இன்று செய்து கொடுக்கிறது. அத்தகைய ஒரு கருவியை நல்ல கைத்திறனுள்ளவரிடம் கொடுத்து, நட்டின் உயரம், பாலத்தின் உயரம், ஃப்ரெட்டின் சமம் மூன்றையும் சரிசெய்துகொண்டால், அந்தச் செலவைவிடப் பயனுள்ள செலவு இத்துறையில் வேறில்லை. அந்தக் கைத்திறன்காரரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

முதலீடு என்று சொல்லிக் கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டுகிறவர்களிடம் எனக்குக் கேள்வி ஒன்று உண்டு. 1982-ல் ஜப்பானில் செய்த முதல் ஸ்குவையர்கள், அசல் ஃபெண்டருக்குக் காசில்லாத இளைஞர்களுக்காகச் செய்தவை. சேகரிப்பவர்கள் அவற்றையும் தேடத் தொடங்கி, விலை அந்த இளைஞர்களின் வாரிசுகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கம்பி இழுபடாமல், ஃப்ரெட் தேயாமல் பத்து வருஷம் பெட்டியில் இருந்தால் அந்தக் கருவியால் யாருக்கு என்ன பயன்?

எனவே இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அலமாரி மேலாவது கிட்டாரோ, பெடலோ, ஆம்ப்போ தூசி படிந்து இருந்தால், இந்த மாதமே இறக்குங்கள். துடைத்து, புதுக் கம்பி மாட்டி, இருக்கிற குறையை முதலில் நீங்களே சொல்லி, நியாயமான விலை போடுங்கள். வாங்க வருகிறவர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளையிடம் கொஞ்சம் காசு குறைவாக இருந்தால் விட்டுக்கொடுங்கள். நல்ல விலைக்கு அமைந்தது என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். நாளை தான் விற்கும்போது அதே நியாயத்தோடு விற்கும். என் தலைமுறையின் கைக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது இந்த வழியில்தான். அடுத்த தலைமுறைக்கும் இதைவிட நம்பகமான வழியை நான் பார்க்கவில்லை.